மூன்று சர்வர், ஒரே தப்பு

ஸ்டெல்லா திருடவில்லை. தப்பைச் செய்தவன் நான். அவள் வேலை பறிபோனபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.

உடனே என்னைப் பெரிய வில்லனாக நினைத்துவிடாதீர்கள். அந்த அளவுக்குச் சாமர்த்தியம் கிடையாது. கோவையில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவன். ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் கிளைகள். கோப்புகள் மூன்று ஊருக்கும் பொது; ஆனால் அவரவர் எண்ணுக்கு உரியது மட்டும்தான் திறக்கும். கம்ப்யூட்டரில் எந்த ஊழியருக்கு என்ன எண், யார் எந்தக் குழு என்ற விவரம் மூன்று ஊர் சர்வரிலும் ஒரே பிரதியாக இருக்கும். ஒன்று படுத்தாலும் மற்றவை பதில் சொல்லும்.

அந்த ஏற்பாட்டில் ஒரு விதி உண்டு. போனவரின் எண்ணைப் புதிதாக வந்தவருக்குத் தரக்கூடாது. கோப்புகளின் பூட்டுக்கு ஆளின் பெயர் தெரியாது, எண் மட்டுமே தெரியும். டிசைன் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றார். அவர் எண் காலியானது. இரண்டு சென்ட் நிலம் தரிசாகக் கிடந்தால் சோறு இறங்காத ஊர்க்காரன் நான்... தரப் பரிசோதனைக்குப் புதிதாகச் சேர்ந்த ஸ்டெல்லாவுக்கு அந்த எண்ணைக் கொடுத்தேன். மூன்று ஊரிலும் பதிந்தது.

சில நாளில் அவளே வந்து கேட்டாள். “ஏனுங்க சார், புது பம்ப்போட டிராயிங் எல்லாம் எனக்குத் தெரியுதுங்க. பாக்கலாமுங்களா?”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். “தெரியுதுன்னா பாக்கலாம்னுதான் அர்த்தம், அம்மணி. பாக்கக் கூடாததை நான் காட்டுவனா?”

மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனாள்.

பிறகு ஒருநாள் அதே பம்ப் போட்டிக் கம்பெனியிலிருந்து சந்தைக்கு வந்தது. யார் விற்றார்களோ, இன்றுவரை தெரியாது. டிராயிங்கைத் திறந்தவர்களில் டிசைன் பிரிவைச் சேராத பெயர் ஒன்றே ஒன்று, ஸ்டெல்லா. பழைய தலைவரின் எண் செய்த வேலை என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “இந்தப் புள்ளைக்கு நீங்க பர்மிஷன் குடுத்தீங்களா?”

“இல்லீங்க.” உண்மைதான். நான் தரவில்லை, எண் தந்தது. என்ன ஒரு உண்மை!

அந்த மனிதர் அதோடு விடவில்லை. “சிஸ்டத்துல ஏதாச்சும் கோளாறா இருக்குமுங்களா? பாவம், பொண்ணு வாழ்க்கை.” அவர்மேல்கூட நான் கோபப்பட முடியாமல் செய்துவிட்டார்!

“மூணு ஊர்லயும் பாத்துப்போட்டனுங்க. மூணும் ஒண்ணாத்தான் இருக்குது. கோளாறு வர வழியில்லீங்க.”

ஒருவன் எழுதிய தப்பை மூன்று ஊரில் ஒப்பித்தால் மூன்று சாட்சி ஆகிவிடுமா? நீங்களும் நம்பியிருப்பீர்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று தலையாட்டும் உங்கள் மேலும் எரிச்சலாக வருகிறது. எல்லாக் கோபத்தையும் நான் ஒருவனே தாங்க முடியாது.

“நீங்கதானுங்க சார் பாக்கலாம்னு சொன்னீங்க,” என்றாள் ஸ்டெல்லா.

“எனக்கு அப்படி ஞாபகம் இல்லீங்க, அம்மணி.”

பொய்யிலும் ‘ங்க’ விடுபடவில்லை. அப்படிப்பட்ட மரியாதைக்காரன்! அவள் வேலை அங்கேயே போனது.

ஆனைமலைப் பக்கம் தோப்புகளில் கூலி வேலை செய்த குடும்பத்தில் கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவள். எனக்கு அந்தத் தோப்புகளில் ஒன்று சொந்தம். என் வேலை போயிருந்தாலும் இளநீர் குடித்துக்கொண்டு கிடந்திருப்பேன். பின் எதற்குப் பயந்தேன்? இந்தச் சின்ன விதிகூடத் தெரியாதவனா என்று நாலு பேர் சிரிப்பார்களே... அதற்கு. ஊரையெல்லாம் கிண்டல் செய்து பிழைத்த வாய்க்கு ஒரு சிரிப்பைத் தாங்கத் தெம்பில்லை. தூ!

போன மாதம் வேறொரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. “ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு வேலை கேட்டு வந்திருக்குதுங்க. பழைய எடத்துல யாரைக் கேக்கறதுன்னா உங்க பேரைச் சொல்லுச்சு. நடந்தது தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானாமுங்க. ஆள் எப்படீங்க?”

என் பெயரையா...

“அவ்வளவா பழக்கமில்லீங்க,” என்றேன்.

நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். திருப்பிக் கூப்பிட ஒரு விரல் போதும். இதை எழுதி முடிக்கும்வரை நான் கூப்பிடவில்லை.