கோயில் வாசலில் நான் கொட்டிய மணல்

அணுசக்தி ஒப்பந்தத்துக்கு வழிவிடும் மசோதா மக்களவைக்கு வருகிறது என்று கட்சிக் கொறடா தொலைபேசியில் சொன்னபோது, நான் ஈப்போவில் ஒரு பல் மருத்துவரின் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒய்பி, நம்ம ஆளுங்கள்ல கெமிஸ்ட்ரி படிச்சவரு நீங்க ஒருத்தர்தான். ஆதரிச்சு நீங்கதான் முதல்ல பேசணும்லா," என்றார். எங்கள் மலேசியாவில் நாடாளுமன்ற உறுப்பினரை ஒய்பி என்றுதான் அழைப்பார்கள்.

சரி என்றேன். எனக்கும் ஆசைதான். அணு பிளக்கும் படத்தை முதன்முதலாகப் பாடநூலில் பார்த்த அன்று மத்தியானம் சாப்பிட மறந்து அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஊசிமுனையில் கோடி கோடியாக அடங்கும் ஒரு பொருளுக்குள் ஒரு நகரத்துக்கே விளக்கேற்றும் வலு இருக்கிறது. எழுபத்தெட்டு வயதிலும் அந்தப் பிரமிப்பு எனக்குக் குறையவில்லை.

ஆனால் எழுத உட்கார்ந்தால் பேச்சு ஒரு பத்திக்கு மேல் நகரவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ரப்பர் தோட்டத்தின் முதல் பட்டதாரி நான். பட்டம் வாங்கித் திரும்பிய வருடம், மாரியம்மன் கோயிலைச் சுற்றி வெறும் சரளை மண்ணாக இருந்தது. அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்களுக்கு ஒரு சுற்று முடிவதற்குள் முதுகு கிழிந்துவிடும். ஈயம் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கறுப்பு மணலை எங்கள் பக்கத்தில் ஆமாங் என்பார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் அது அப்போது குன்று குன்றாகக் கிடந்தது. காலுக்கு மெத்தென்று இருக்கும், வெயிலில் மினுங்கும். தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி இரண்டு லாரி மணல் வரவழைத்துக் கோயிலைச் சுற்றிக் கொட்டினேன்.

கோயில் கமிட்டித் தலைவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, படிச்ச புள்ள நீ. இது ஒண்ணும் செய்யாதே?"

"ஒண்ணும் செய்யாதுங்க," என்றேன்.

அந்த மணலில் தோரியம் இருக்கும், தோரியம் கதிர் வீசும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். இந்த லாரி மணலில் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அளக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த தேர்தலில் நிற்க எனக்கு ஓர் ஆசை இருந்தது, மணலோ எல்லாருக்கும் பிடித்துப்போயிருந்தது. அந்த வருடத் திருவிழாவில் பெண்கள் ஈரச் சேலையோடு கூட்டம் கூட்டமாக அதில் உருண்டார்கள். சிலர் ஒரு சிட்டிகை எடுத்துப்போய்ச் சாமிப் படத்தடியில் வைத்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள். தேர்தலில் ஜெயித்தேன்.

பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, பக்கத்து ஊரான காம்பாரில் இயற்பியல் கற்பிக்கும் எனக்குத் தெரிந்த பேராசிரியை ஒருவரைக் கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு வரச் சொன்னேன். ரப்பர் தோட்டத்தை எப்போதோ அழித்து, எண்ணெய் தரும் செம்பனை போட்டுவிட்டார்கள். கோயில் மட்டும் இருக்கிறது. முன்பு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த அக்கா ஒருவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், அடுக்குமாடி வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து வாசல் கூட்டுகிறார். வெறுங்காலோடு, நாற்பது வருடமாக.

என்னைப் பார்த்ததும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "என்ன தம்பி, எலெக்‌ஷன் வந்துருச்சா? இந்தப் பக்கம்லாம் வாரே," என்றார்.

சாலையோரத்தில் கருவி எப்போதாவது ஒருமுறை டிக் என்றது. பேராசிரியை அதைக் கோயில் மணலருகே கொண்டுபோனார். காய்ந்த எண்ணெயில் கடுகைக் கொட்டியதுபோல் பொரிய ஆரம்பித்தது, ஓயவே இல்லை.

"யாரு இது சத்தம் போடுறது?" என்றார் அக்கா.

"மணல்தான் அக்கா. அதுலேருந்து வர்ற கதிரத்தான் இது சத்தமா காட்டுது," என்றேன்.

"எப்ப நிக்கும்?"

"நிக்காது. இதுல பாதி அடங்கவே, இந்த உலகம் உண்டானதுலேருந்து இன்னிக்கி வரைக்கும் ஆன காலத்தவிட கூட ஆகும்."

அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்தார். பிறகு மணலைப் பார்த்துக் கை கூப்பினார். புத்தகத்தில் எத்தனையோ முறை படித்த விஷயம்தான். ஆனால் என் காலடியில் அது பொரிந்துகொண்டிருந்தபோது எனக்கும் கை கூப்பத் தோன்றியது. சுற்றியிருந்த சுண்ணாம்பு மலைகள் உருவாகுமுன்பே தொடங்கிய சத்தம். அதை இரண்டு லாரி வைத்து வாசலில் கொட்டியவன் நான்.

"அக்கா, இத கொண்டாந்து போட்டது நாந்தான்."

"தெரியும்லா. அதுக்குத்தான மாலை போட்டோம்."

"இது இப்படிப்பட்டதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பேராசிரியையிடம், "எனக்கு எதும் ஆகுமா?" என்று கேட்டார்.

"உறுதியா சொல்ல முடியல அக்கா. வருசத்துக்கு ஒரு நாள் உருளுறவங்களுக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது. தினம் கூட்டி தூசிய இழுக்கிறது நல்லதில்ல. இனிமே கூட்டாதீங்க."

அக்கா காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார். பிறகு என்னிடம், "எதுக்கு இப்ப வந்து அளக்குறே? பார்லிமெண்ட்ல என்ன கேக்குறாங்க?" என்றார்.

வெளிநாட்டிலிருந்து அணு உலை வாங்க வழிசெய்யும் ஒப்பந்தம், மின்சாரம் கிடைக்கும் என்று சொன்னேன்.

"மிச்சத்த எங்க கொட்டுவாங்க?"

"அது இன்னும் முடிவாகல. அப்புறம் பாத்துக்கலாங்கிறாங்க."

"அப்ப அங்கயும் ஒருத்தி கூட்டுவா," என்றார்.

அன்றே கொறடாவை அழைத்தேன். கழிவை எங்கே வைப்பார்கள், அந்த இடத்தில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்வார்களா என்று சபையில் கேட்பேன். பதில் வந்தால் ஆதரிப்பேன் என்றேன். சபையில் கேட்டேன். தகுந்த இடம் உரிய காலத்தில் தேர்ந்தெடுக்கப்படும், மக்கள் கவலைப்பட வேண்டியதில்லை என்று பதில் வந்தது. பதில் சொன்ன அமைச்சர் கெட்டவர் அல்ல. நானும் கெட்டவனாக இருந்து அன்று அப்படிச் சொல்லவில்லை.

மறுபடி எழுந்து, மணலைப் பற்றிச் சொன்னேன். ஒன்றும் செய்யாது என்று அன்று தெரிந்தே சொன்னேன் என்பதையும் சொன்னேன். வாக்கெடுப்பு மணி அடித்தது. எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாக வந்தார்கள். அணுவின்மேல் எனக்கு இன்னும் பக்திதான். ஆனாலும் எதிர்ப்பு என்றேன். மசோதா சுலபமாக நிறைவேறியது.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது கொறடா வந்து, "ரெண்டு லாரி மணலுக்கு அடுத்த தேர்தல் சீட்ட விட்டுட்டீங்களே அண்ணே," என்றார். ஆமாம் என்றேன்.

மணலைப் பற்றி அதிகாரிகளுக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். அடுத்த மாதம் வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் வந்து, கோயிலைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, மணலை வாரிப் பீப்பாய்களில் அடைத்தார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன். இப்போதைக்கு ஒரு கிடங்குக்கு என்றார்கள்.

அக்கா நாடாவுக்கு வெளியே நின்று, வாய் லேசாகத் திறந்திருக்க, பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மண்வெட்டிக்கும் கருவி பொரிந்தது. நான் அவர் முன்னால் போய், அந்த நாற்பது வருடத்துக்காக மன்னிப்புக் கேட்டேன்.

"தள்ளி நில்லுலா," என்றார் அக்கா. "மறைக்குது."

தள்ளி நின்றேன்.