படுக்கையில் இருக்க வேண்டியவர்

சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘ஆவி அக்கா’ என்று பெயர். பேய் பிசாசு என்று யாரும் பயந்துவிட வேண்டாம். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை நீராவி உருளைக்குள் கொடுத்து, சுருக்கம் இல்லாமல் மறுபக்கம் எடுப்பது அவள் வேலை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை அந்த வெள்ளைப் புகைக்குள்தான் நிற்பாள். வாசலிலிருந்து பார்த்தால் இடுப்புக்கு மேல் ஆளே தெரியாது. பதினாறு வருஷமாக அதே இடம், அதே உருளை.

அப்படி வேகிறவளுக்குக் கோடை என்றாலே எரிச்சல் வர வேண்டும். அவளுக்கோ நேர்மாறு. “ஐயோ, இன்னும் ரெண்டு மாசம் இருக்கே” என்று மற்றவர்கள் புலம்பும்போது, “ரெண்டே மாசம்தானா இருக்கு?” என்று இவள் வருத்தப்படுவாள். மதியம் ஆறு பேர் சேர்ந்து ஒரு தர்பூசணி வாங்கி, துணி மடிக்கிற மேஜையில் வைத்துப் பிளப்பார்கள். விதையில்லாத நடுத்துண்டுக்கு இவள் சண்டையே போடுவாள். பின்பக்கக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு, துவட்டாமல் சொட்டச் சொட்ட வந்து நிற்பாள். வீட்டில் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அது காய்வதற்குள் மல்லாந்து படுத்து முதுகில் அந்தச் சில்லிப்பை வாங்கிக்கொள்வாள். எல்லாம் சின்னச் சின்ன சந்தோஷங்கள். பெரிய சந்தோஷம் ஒன்று இருந்தது, கடற்கரை. அதுதான் ஒன்பது வருஷமாக இல்லாமல் போயிற்று.

அதற்கு முன் கோடைக்காலத்து ஞாயிறு ஒன்று விடாமல் புருஷனும் அவளும் பஸ் பிடித்துப் போவார்கள். நாற்பது நிமிஷப் பயணம். அவன் லிஃப்ட் மெக்கானிக். தண்ணீர் என்றால் கணுக்காலோடு சரி. இவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கும் வரை அலைக்குள் கிடப்பாள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில், வாரம் முழுவதும் பேசுவதற்கு அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது.

பிறகு மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் ஆயிற்று. மூன்று மாதத்தில் நடந்துவிடுவார் என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதம் ஆறாகி, ஆறு மாதம் வருஷக்கணக்காகி, ஒரு கட்டத்தில் யாரும் கேட்பதையே விட்டுவிட்டார்கள். பகலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரைக்கும் தட்டுத்தடுமாறிப் போய் வருவதாகச் சொல்வார். மற்றபடி குளிக்க, உடுத்த, எழுந்து உட்கார, தலை வார, எல்லாவற்றுக்கும் மருமகள் வேண்டும். மாமியார் ஒன்றும் ஒல்லி உடம்பு இல்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கி இவளுக்கு இடுப்புக்கு மேலே ஒரு வலி நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

படுக்கையில் கிடப்பவரை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தனியே விட்டுவிட்டுக் கடலுக்குப் போக மனசு வருமா? “ஒரு நாள் போலாம்” என்பான் புருஷன். அந்த ஒரு நாள் ஒன்பது கோடையிலும் வரவில்லை. கடற்கரை ஓட்டலிலிருந்து வரும் துண்டுகளின் மடிப்பில் மணல் இருக்கும். யாரும் பார்க்காதபோது அதை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துப் பார்ப்பாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த கடல்.

அந்தப் புதன்கிழமை பத்து மணிக்குப் பாய்லர் ‘உஸ்’ என்று ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிவிட்டது. வால்வு போய்விட்டதாம். “இன்னைக்கு அவ்வளவுதான், எல்லாரும் கிளம்புங்க” என்றார் முதலாளி. நிறுத்தத்தில் நின்றாள். வீட்டுக்குப் போகிற பஸ் வந்தது. ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அடுத்து கடற்கரை பஸ் வந்தது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. மாமியாருக்குப் பிளாஸ்கில் கஞ்சி வைத்திருக்கிறது, தண்ணீர் வைத்திருக்கிறது, மருந்து வைத்திருக்கிறது. மூன்றே மணி நேரம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

இறங்கியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். நாற்பத்தாறு வயதுக்காரி, வேலைத்துணியோடு, சுடுமணலில் ‘ஆ, ஊ’ என்று குதித்துக்கொண்டு ஓடினாள். ஈர மணல் பாதத்தில் பட்டதும் நின்றாள். உப்புக்காற்று மூஞ்சியில் அறைந்தது. கண்ணை மூடித் திறந்தாள்.

இருபது முப்பது அடி தள்ளி ஒரு வயதான அம்மாள் நின்றுகொண்டிருந்தார். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தார். கையில் ஆரஞ்சு நிற ஐஸ் குச்சி. அலை வரும்போது ஓரடி பின்னால் வைப்பதும், போகும்போது ஓரடி முன்னால் வைப்பதுமாக, அதனோடு என்னவோ விளையாடிக்கொண்டிருந்தார்.

புடவை தெரிந்த புடவையாக இருந்தது. காலையில் இவள்தான் கட்டிவிட்டாள்.

முதலில் அவளுக்குத் தோன்றியது, மாமியார் செத்துப் போய்விட்டார் என்பதுதான். கஞ்சியைக் குடிக்காமல் கட்டிலில் உயிர் போயிருக்கிறது, இங்கே வந்து நிற்பது வேறு என்னவோ. நட்ட நடு வெயிலில் உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. அந்த நேரம் பார்த்து மாமியார் திரும்பினார். ஐஸிலிருந்து ஒரு சொட்டு அவர் மணிக்கட்டில் வழிந்தது. ஆவிக்கு ஐஸ் வழியாது.

வாயைத் திறந்தது மாமியார்தான்.

“நீ வேலைக்குப் போகல?”

ஒன்பது வருஷமாக வாக்கர் இல்லாமல் எழுந்து நிற்காத மனுஷி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வி! அதற்கு இவளும், பழக்க தோஷம், பதில் சொன்னாள்.

“பாய்லர் கெட்டுப் போச்சு அத்தை. பத்து மணிக்கே அனுப்பிட்டாங்க.”

“அப்ப வீட்டுக்கு வர வேண்டியதுதானே?”

“வீட்டுக்கு வந்தா...” என்று ஆரம்பித்தவள் மாமியாரின் ஈரக் கால்களைப் பார்த்தாள். “வீட்டுக்கு வந்தா அங்க யாரு இருந்திருப்பா?”

அதற்குள் ஐஸ் வண்டிக்காரர் கரையிலிருந்து கத்தினார். “பெரியம்மா, கூட வந்தவங்களுக்கும் ஆரஞ்சா? நீங்கதான் எப்பவும் ரெண்டு சாப்பிடுவீங்களே, இன்னைக்கு ஒண்ணோட நிறுத்திட்டீங்க?”

எப்பவும். இவள் மணலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, ஒரு முனகல்கூட இல்லாமல் உட்கார்ந்தார். இவள் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை நாளா?”

“என்னது?”

“நடக்கிறது.”

“அஞ்சு வருஷம் இருக்கும். முதல் நாலு வருஷம் நிஜமாவே முடியல. அதுல பொய் இல்ல. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் சுவர் வரைக்கும் போய்ப் பார்த்தேன். அப்புறம் கதவு வரைக்கும். அப்புறம் படி. ஒரு நாள் பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்.”

“தினமுமா?”

“சேச்சே. புதன்கிழமை மட்டும். கோடையில மட்டும்.” ஏதோ ஒழுக்கமாக நடந்துகொண்ட மாதிரி சொன்னார்.

இவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மாமியாரின் முகம் கோடைதோறும் கறுத்துப் போகும். ஜன்னல் வெயில் என்று திரை வாங்கி மாட்டினாள். புதன்கிழமைகளில் பசி இல்லை என்பார். டாக்டரிடம் கேட்டு டானிக் வாங்கி வந்தாள். இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

“உங்க மெத்தையில மணல் கிடந்துச்சே அத்தை. என் துணியிலேருந்துதான் கொட்டிடுச்சுன்னு நினைச்சு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். ஞாபகம் இருக்கா? ‘பரவாயில்ல விடு’ன்னு சொன்னீங்க.”

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். ஐஸ் முழுவதும் கரைந்து குச்சி மட்டும் கையில் இருந்தது.

“ஏன் அத்தை?”

மாமியார் குச்சியை மணலில் குத்தி நிறுத்தினார்.

“ஆஸ்பத்திரியில நான் தூங்குறேன்னு நினைச்சுப் பெரியவன் பேசிட்டிருந்தான். அம்மா நடக்க ஆரம்பிச்சதும் எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க, பசங்களைப் பார்த்துக்க ஆளில்லன்னு. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. முப்பத்தெட்டு வருஷம் அடுப்பு முன்னாடி நின்னவ நான். மாமனார், மாமியார், கொழுந்தனுங்க, பிள்ளைங்க, எல்லாரும் சாப்பிட்டப்புறம் மிச்சம் இருக்கிறதைத்தான் வழிச்சுச் சாப்பிடுவேன். படுத்தப்புறம்தான் ஒரு வாய் சோறு சூடா சாப்பிட்டேன். உன் கையால.”

“என் முதுகு?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தினமும் சொல்லிடணும்னு நினைப்பேன். நீ தலை வாரி விடுவியே, அப்ப சொல்லிடலாம்னு வாயைத் திறப்பேன். சரி, வாரி முடிக்கட்டும்னு இருந்துடுவேன்.”

இவள் எழுந்தாள். அடிக்கக்கூடக் கை வந்திருக்கும், அத்தனை கோபம். அங்கே நிற்கப் பிடிக்காமல் நேரே தண்ணீருக்குள் நடந்தாள். முழங்கால், இடுப்பு, மார்பு. வேலைத்துணி ஊதி மேலே வந்தது. ஒரு பெரிய அலை தலைக்கு மேல் உடைந்து அவளைப் புரட்டிப் போட்டது. எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த அலைக்கு முதுகைக் கொடுத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே புரியவில்லை. எப்படியும் உப்புத் தண்ணீர்தானே. ஒன்பது வருஷம் ஏங்கியது இதற்காகத்தான். இதைப் போய் இந்த நிலைமையிலா அனுபவிக்க வேண்டும் என்று ஆத்திரமாக இருந்தது. ஆனாலும் உடம்பு யார் பேச்சையும் கேட்காமல் மிதந்தது. முதுகு வலி எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

கரையிலிருந்து மாமியார், “போதும், வாடி! ரொம்ப உள்ளே போகாதே!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

துணியைப் பிழிந்துகொண்டே வந்தவள் ஒன்றுதான் சொன்னாள். “சாயங்காலம் அவர் வந்ததும் நீங்களே சொல்லிடணும். நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்லலேன்னா?”

“இனிமே நான் தூக்க மாட்டேன் அத்தை. என்னால முடியாது.”

திரும்பும் பஸ்ஸில் இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. மாமியார் கம்பியைப் பிடித்துச் சட்டென்று ஏறி, ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார். முதியோர் பாஸ். அதில் போட்டோ. போட்டோவில் தலையைப் படிய வாரி, லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வகிடு தன் கையால் எடுத்தது என்பது பார்த்த மாத்திரத்தில் இவளுக்குத் தெரிந்தது.

மாலை ஆறரைக்குப் புருஷன் வந்தான். அடுக்களையில் அம்மா நின்று டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். “அம்மா, எனக்குச் சர்க்கரை கம்மியா போடும்மா” என்று சொல்லிக்கொண்டே கருவிப்பையை மூலையில் வைத்தான். கைகால் கழுவக் குளியலறைப் பக்கம் நாலடி வைத்தான். ஐந்தாவது அடி வைக்கவில்லை. தலையை மட்டும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தான். மாமியார் டம்ளரை நீட்டினார்.

“கம்மியாத்தான் போட்டிருக்கேன்” என்றார்.

அவன் டம்ளரை வாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். மாமியார் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், பஸ் பாஸ் வரைக்கும். அவன் கேட்டு முடித்துவிட்டு மனைவியைப் பார்த்து, “உனக்குத் தெரியுமா?” என்றான். “இன்னைக்குத்தான்” என்றாள். “நீ எப்படி அங்க போன?” என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு மாமியார், “அவ போகாம வேற யாரு போவா? ஒன்பது வருஷமா நீ கூட்டிட்டுப் போனியா?” என்று மகன் மேல் பாய்ந்தார். யார் யாரைக் கேட்கிற கேள்வி இது என்று இவள் மாமியாரையே பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமியாரின் மூத்த மகன் போன் செய்தார். வாரா வாரம் செய்வதுதான். “அம்மா எப்படி இருக்காங்க? நடமாட்டம் ஏதாவது உண்டா?” என்றார். போனை எடுத்தது இவள். அறையில் மாமியார் நின்றுகொண்டு இவளையே பார்த்தார். நான்கு நாளாக இவள் அவரோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. உண்மையைச் சொல்லி முடித்துவிடலாம். மூட்டையைக் கட்டி அனுப்பிவிடலாம். அப்படித்தான் நினைத்தும் இருந்தாள்.

“இல்ல மாமா. வாக்கர் பிடிச்சு நாலடி வைக்கிறாங்க. அவ்வளவுதான்” என்றது அவள் வாய்.

போனை வைத்த பிறகு, இதைச் சொன்னது நானா என்று திகைத்து நின்றாள். மாமியார் ஏதோ சொல்ல வந்தார். “ஒண்ணும் பேசாதீங்க அத்தை. உங்களுக்காகச் சொல்லல” என்று வெட்டிவிட்டாள். பின் யாருக்காக என்று அவளுக்கும் விளங்கவில்லை.

மன்னித்துவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. ஒரு மாதம் தலை வாரி விடவில்லை. மாமியார் கோணல் மாணலாக ஒரு கொண்டை போட்டுக்கொண்டு வளைய வந்தார். ஒரு நாள் பார்க்கச் சகிக்காமல் சீப்பைப் பிடுங்கினாள். அத்தோடு பேச்சு வார்த்தை ஆரம்பித்தது. காலைச் சமையலை மாமியார் தானாக எடுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்கு மூன்று தட்டும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும் என்று மருமகள் ஒரு சட்டம் போட்டாள்.

கடலுக்குச் சேர்ந்து போகிறார்களா என்றால், இல்லை. ஒரே ஒரு தடவை போனார்கள். “அங்க போகாதே, இங்க வா, அலை பெருசா வருது” என்று மாமியார் கரையில் நின்று உயிரை வாங்கிவிட்டார். அதனால் மாமியாருக்குப் புதன்கிழமை, மருமகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று பிரித்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று. புதன்கிழமைகளில் வேலை முடிந்து கதவைத் திறந்து அந்தக் காலிக் கட்டிலைப் பார்க்கும்போது, எல்லாம் தெரிந்தும் அவளுக்கு நெஞ்சு ஒரு தடவை நின்று அடிக்கிறது.