அணிலும் குடையும் ஒரே ஆளா?

என்னை என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்கிறார்கள். வாயாடி என்றார்கள், முன்கோபி என்றார்கள், மாமியார் தன் பங்குக்கு இன்னும் நாலு சேர்த்துச் சொன்னார். எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். ஆனால் நான் என்று ஒரு ஆளே இல்லை என்று எங்கள் ரோஜாக் குழுவின் அட்மின் எழுதியபோது மட்டும் கையிலிருந்த காபி டம்ளரை அப்படியே தரையில் வைத்துவிட்டேன்.

"அணில் என்று எழுதுபவரும் குடை என்று எழுதுபவரும் ஒருவரே. இரண்டும் போலிக் கணக்குகள். ஆதாரங்களைக் கீழே தந்துள்ளேன். அணில் போட்ட புது ரோஜாவும் எங்கிருந்தோ திருடிய படம் என்றே கருத வேண்டியிருக்கிறது. மாலைக்குள் விளக்கம் வராவிட்டால் இருவரும் நீக்கப்படுவார்கள்."

அணில் நான்தான். குடை என் பரம விரோதி.

அது மொட்டைமாடியில் தொட்டி ரோஜா வளர்ப்பவர்களின் குழு. ஃபோனில்தான் நடக்கும். அங்கே யார் நம்பரும் வெளியில் தெரியாது, பாதிப் பேர் சொந்தப் பெயரில் வருவதுமில்லை. என் மொட்டுகளை ஒரு அணில் கொறித்துக் கொறித்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. அதன் படத்தையே என் படமாக வைத்தேன், பெயரும் அதுவே ஆயிற்று. குடையின் படம் ஒரு கறுப்புக் குடை. அட்மின் கோவைப் பக்கத்து ஓய்வுபெற்ற அதிகாரி. மனிதர் நல்லவர், ரோஜாவைப் பற்றி நிறையத் தெரிந்தவர். ஆனால் ஃபைல் பார்த்தே பழகிய கண்.

எனக்கும் குடைக்கும் எதில் ஒத்துப்போகும் என்றால் எதிலுமே இல்லை. நான் மீன் அமிலம் ஊற்று என்றால் அங்கிருந்து புளித்த மோர் என்று பதில் வரும். பெரிய சண்டை கவாத்தில்தான். ரோஜாவை வருஷத்துக்கு ஒருமுறை ஈவிரக்கம் பார்க்காமல் வெட்டிவிட வேண்டும், அப்போதுதான் கிளை வெடித்துப் பூக்கும் என்பது என் கட்சி. காய்ந்த கிளையை மட்டும் எடு, செடிக்கு மொட்டையடிக்காதே என்பது குடையின் கட்சி. "உங்க வீட்டுல வேலைக்காரங்க தண்ணி ஊத்துவாங்க, உங்களுக்கு செடியோட வலி எங்க தெரியும்?" என்று ஒருமுறை குடை எழுதியதைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்கப் பொருமினேன். எங்கள் வீட்டில் வேலைக்காரி என்றால் அது நான்தான். குடை யாரோ முறுக்கு மீசை வைத்த, பென்ஷன் வாங்குகிற ஆசாமி என்று நானும் ஒரு படம் வரைந்து வைத்திருந்தேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு. கீழே தறி, மேலே மொட்டைமாடி. வீட்டுக்காரர் நெய்கிறார். தாரில் நூல் சுற்றுவது, கரை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவது எல்லாம் என் வேலை. எங்கள் கையால் எத்தனையோ பேருக்குக் கல்யாணச் சேலை போயிருக்கிறது. எந்தச் சேலையிலும் எங்கள் பெயர் கிடையாது. கடைப் பெயர் ஒட்டிய பெட்டிக்குள் போய்விடும். அதில் எனக்குப் பெரிய வருத்தம் என்று சொல்ல மாட்டேன், ஊர் வழக்கமே அதுதான். ஆனால் அந்த ரோஜா அப்படியில்லை. ஒரு செடியின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றில் தடவி, காய் பழுக்கும்வரை காத்திருந்து, விதையைத் தயிர் டப்பாவில் போட்டு, செத்தது போக மிஞ்சிய ஒரே கன்றை வளர்த்துப் பூக்க வைத்திருந்தேன். இதழின் உள்பக்கம் அரக்கு, வெளிப்பக்கம் மாம்பழ மஞ்சள். முகூர்த்தச் சேலையும் கரையும் மாதிரி. என் பெயரைச் சொல்லிக்கொள்ள உலகத்தில் இருந்த ஒரே பொருள் அது. அதைத்தான் அட்மின் திருட்டுப் படம் என்று எழுதியிருந்தார்.

பூ மலர்ந்த அன்று படம் போட்டேன். குழுவே கைதட்டியது. குடை மட்டும், "இந்தக் கலர் இருக்காது. ஃபோன் பொய் சொல்லுது. நூல் கட்டிக் காட்டுங்க" என்று எழுதியது. எனக்கும் ரோஷம். உடனே அரக்கில் ஒரு இழை, மஞ்சளில் ஒரு இழை எடுத்துப் பூவின் காம்பில் சுற்றிப் படம் போட்டேன். வினை அங்கேதான் வந்தது.

எங்கள் ஊரில் நிறத்தை யாரும் வாயால் சொல்ல மாட்டோம். சாயம் போடக் கொடுக்கும்போது வேண்டிய நிறத்தில் ஒரு பட்டு நூல் துணுக்கைக் கையில் கொடுத்துவிடுவோம். ஃபோனில் பார்த்த அரக்கு நேரில் கத்தரிக்காயாக இருக்கும். அதனால் பூவுக்கும் நான் நூல் கட்டித்தான் படமெடுப்பேன். முடிச்சுப் போட மாட்டேன், நுனியை விரலில் முறுக்கிவிடுவேன், அது பிடித்துக்கொள்ளும். தறியில் நெடுக்காக ஓடும் பாவு தீர்ந்ததும் பிணைக்க வருகிறவர்கள் பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை அப்படித்தான் முறுக்கிச் சேர்ப்பார்கள். எங்கள் வீட்டுக்கு முசரவாக்கத்திலிருந்து ஒரு பெண் பிணைக்க வருவாள், அவள் விரல் போகிற வேகத்தில் இழை எது விரல் எது என்றே தெரியாது. அவ்வளவு வராவிட்டாலும், தறி இருக்கிற தெருவில் அந்த முறுக்குத் தெரியாத கை கிடையாது.

குடையின் படங்களிலும் நூல் இருக்கும். அதே முறுக்கு. எங்கள் இரண்டு பேர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார் அட்மின். "முடிச்சில்லாமல் பட்டு நூல் கட்டும் இந்த விநோதப் பழக்கம் குழுவில் வேறு ஒருவருக்கும் இல்லை. கேள்வி கேட்பதும் குடை, பதில் சொல்வதும் அதே கை." இரண்டாவது ஆதாரம் இன்னும் மோசம். "மற்ற நாட்களில் இருவரும் ஒன்றிரண்டு வரி எழுதுவதோடு சரி. அமாவாசையன்று மட்டும் காலை முதல் மாலை வரை ஓயாமல் சண்டை. ஏன் என்று யோசியுங்கள்." கீழே யாரோ ஒரு பிசாசு பொம்மையைப் போட்டுச் சிரித்திருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தறியில் இருந்த வீட்டுக்காரரிடம் போய் முழுவதையும் படித்துக் காட்டினேன். அவர் நாடாவை நிறுத்தாமலே கேட்டார்.

"அமாவாசையில இன்னா விநோதம்? அன்னிக்கு தறி லீவு. நீ மாடியே கதின்னு கெடப்ப."

"எனக்கு லீவு சரி. அந்த ஆளுக்கு?"

நாடா நின்றது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அமாவாசையில் யாருக்கு லீவு? பூவுக்கு யார் பட்டு நூலைக் கட்டுவார்கள்? கோவையில் இருக்கும் மனிதருக்கு விநோதமாகத் தெரிந்தது, என் கண்ணெதிரே அத்தனை நாள் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. பூவுக்கு நூல் கட்டாமல் வேறு எதைக் கட்டுவார்கள் என்றுதான் நான் நினைத்திருப்பேன். வெளியூர்க்காரன் யாராவது நூல் கட்டாமல் படம் போட்டால்தான் எனக்கு வித்தியாசமாகத் தெரியும். குடையும் அப்படியே இருந்திருக்கிறது போலும்.

குடைக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். "நீங்க காஞ்சிபுரமா?"

"ஏன், ஆதார் கார்டு வேணுமா?" என்று பதில் வந்தது. சந்தேகமே இல்லை, குடையேதான்.

"உங்களுக்கு தறி வேலையா?"

பிறகு, "நீங்க யாரு? எங்க ஊரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நேரில் வந்தால் சொல்கிறேன் என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து நின்று ஒரு படம் போட்டால் தவிர அட்மின் நம்பமாட்டார் என்றும் எழுதினேன். பெருமாள் கோயில் பக்கம், கரும்பு ஜூஸ் வண்டியருகே, மூன்று மணிக்கு என்று முடிவாயிற்று. அடையாளத்துக்குக் கறுப்புக் குடை.

"ஏமாத்துற கும்பலா இருந்தா இன்னா பண்ணுவ? நானும் வரேன்" என்றார் வீட்டுக்காரர்.

"ஜூஸ் வண்டிக்காரர் நமக்குத் தெரிஞ்சவர்தான். நீங்க தறியைப் பாருங்க" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு நூல் சுற்றிய என் பூவை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வருகிற ஆசாமி யாரோ எவரோ. அவன் வராமலே போனால் மாலையோடு என் ரோஜாவும் பொய்யாகிவிடும்.

அந்த வெயிலில் கோயிலுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கையில் கறுப்புக் குடை. மீசை வைத்த குடைகளாகப் பார்த்துத் தேடிக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பாவு பிணைக்கிற பெண் எதிரே வந்தாள். முன்பின் தெரியாத ஆம்பளைக்காக நான் தெருவில் காத்து நிற்பதை இவள் பார்க்கவா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விடவில்லை.

"இன்னாக்கா, வெயில்ல நின்னுக்கினு இருக்கீங்க?"

"சும்மாதாம்மா. நீ போ, உனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது."

"இல்லக்கா, நான் ஒருத்தருக்காக நிக்கிறேன். நீங்க போங்க, ஜூஸ் குடிச்சா தலவலி வரும் உங்களுக்கு."

அவளும் என்னை அனுப்பப் பார்க்கிறாள் என்பது உறைத்த பிறகுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். ஒரு கையில் கறுப்புக் குடை. இன்னொரு கையில் ஒரு பன்னீர் ரோஜா, காம்பில் ரோஸ் நிற நூல், முடிச்சில்லாத முறுக்கு. நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். அவள் கண் விரிந்த விரிவை என்னால் மறக்க முடியாது.

"அக்கா... அணிலு நீங்களா?"

"அடிப்பாவி! எனக்கு வேலைக்காரி வெச்சவ நீதானா?"

ஜூஸ் வண்டிக்காரர் சண்டை என்று நினைத்து மெஷினை நிறுத்தினார். நாங்கள் இருவரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கும்பலும் இல்லை, மீசையும் இல்லை. போன மாதம் அவள் பாவு பிணைக்க வந்தபோது நான் காபி கொடுத்துக்கொண்டே, "ஃபோன்ல ஒரு ஆளு என் உயிரை எடுக்குறான்மா" என்று அலுத்துக்கொண்டதும், "எனக்கும் ஒண்ணு இருக்குதுக்கா, திமிர் புடிச்சது" என்று அவள் ஆறுதல் சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று நான் மாடிக்குப் போய் எழுத, அவள் தறிப் பள்ளத்தில் உட்கார்ந்தபடியே பதில் எழுதியிருக்கிறாள். ஒரே வீட்டுக்குள் சண்டை போட்டிருக்கிறோம்.

அவளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்து மொட்டைமாடிக்கு ஏற்றினேன். இத்தனை வருஷமாக வந்து போகிறவள், தறி தாண்டி மேலே வந்ததில்லை. இருவரும் சேர்ந்து நின்று படம் எடுத்துப் போட்டோம். போட்ட உடனே ஒருவர் எழுதினார்: "பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டி வந்து நிறுத்துவது பெரிய விஷயமா?" எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அட்மின் வீடியோ காலில் வந்தார். குழுவில் இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

"வணக்கம் சார்" என்று நான் ஆரம்பித்தேன். அவள் வணக்கம் சொல்லவில்லை. என் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா இது! இப்படி மொட்டையடிச்சி வெச்சிருக்கீங்க! உங்களுக்கு மனசே வரலியா?"

"வெட்டினாதான் கிளை வெடிக்கும். எத்தனை தடவை எழுதறது உனக்கு?"

"கிளை வெடிக்கும், செடி சாவும். மீன் நாத்தம் வேற..."

"உன் மோருல எறும்பு மொய்க்குதே, அது தேவலையா?"

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னோம் என்பது எனக்கே தெரியாது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினோம், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கவில்லை. கையில் ஃபோன் இருப்பதே மறந்து போயிற்று. "போதும், போதும்!" என்று ஃபோனுக்குள்ளிருந்து அட்மின் கத்தினார். "நம்புகிறேன் அம்மா. ஒரே ஆளால் இப்படிச் சண்டை போட முடியாது." அவர் சிரிப்பதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். தவறாக எழுதிவிட்டேன் என்று பெரிய மனசோடு சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தப் பூ மட்டும்..." என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அவள் ஃபோனை என் கையிலிருந்து வாங்கினாள். செடியில் இன்னொரு பூ பாதி விரிந்திருந்தது. டிபன் பாக்ஸில் இருந்த பூவின் நூலைப் பிரித்து அந்த இதழின் மேல் வைத்தாள். உள்ளே அரக்கு, வெளியே மஞ்சள். குனிந்து, பாவு பிணைக்கும்போது இழையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நானும்தான் பொய்னு சொன்னேன் சார். இப்ப பக்கத்துல நின்னு பாக்குறேன். நூலும் பூவும் ஒண்ணாதான் இருக்குது. இது அக்கா செஞ்ச பூ."

எனக்காகப் பரிந்து பேச ஆயிரம் பேர் வந்திருந்தாலும் அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்காது. சொன்னது என் விரோதி. மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்காரர் கீழேயிருந்து, "இன்னாச்சு?" என்று குரல் கொடுத்தார். "ஒண்ணும் ஆகலை, நான் இருக்கிறேன்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

ஒட்டுக் கட்டுவதற்கு முதல் கிளையை அவளுக்குத்தான் வெட்டிக் கொடுத்தேன். வெட்டிய இடம் சரியில்லை என்று அதற்கும் ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். முசரவாக்கத்தில் அது பிடித்துக்கொண்டு பூத்தது. ஒரு அமாவாசையன்று காலையில் குழுவில் அவள் படம் போட்டாள். அதே அரக்கு, அதே மஞ்சள், காம்பில் நூல். கீழே எழுதியிருந்தாள்:

"சின்ன காஞ்சிபுரத்து அக்கா செஞ்ச பூ. கவாத்து மட்டும் என்னுது."

அதைத் தறிக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். வீட்டுக்காரர் இன்னொருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு மாடிக்குப் போய், கவாத்தைப் பற்றி அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.