அம்மாவின் தட்டில் விழுந்த தோசை

கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடை, மஹய்யாவையில் மூன்று மாடி வீடு, ஓடுகிற நிலையில் இரண்டு லொறி, டொக்டருக்குப் படித்த ஒரு மகள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தலையில் சீமெந்து மூட்டை சுமந்தவன் நான், எவருடைய சிபாரிசும் இல்லாமல் இவ்வளவையும் உண்டாக்கினேன். பெருமையடிக்கிறான் என்பார்கள், அடிக்கத்தான் செய்வேன். ஆனாலும் சாம்பாரில் பெருங்காயம் கொதிக்கிற வாசனை மூக்கில் ஏறினால் போதும், நான் அந்த மூன்று மாடியில் எதிலும் இல்லை. கண்டி டவுனில் ஒரு சைவக் கடைக்குப் பக்கத்துச் சந்தில், மழைத் தண்ணீர் காலில் ஓட, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அந்தக் கடைக்கு இப்போது ஊருக்கு ஊர் கிளை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியோடு கண்டிக் கிளைக்குப் போவது வழக்கம். நல்லதை மறைக்கக் கூடாது. குளிர் ஏசி, வழுக்காத தரை, கை கழுவச் சுடுதண்ணீர், எந்த ஊர்க் கிளையில் சாப்பிட்டாலும் ஒரே ருசி. எல்லாவற்றையும்விட, உள்ளே வருகிறவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை. கெட்டதும் உண்டு. முதலில் போன அன்று யாராவது வந்து "என்ன வேணும்" என்று கேட்பார்கள் என்று நான் மேசையில் உட்கார்ந்தே இருந்தேன்; கவுண்டரில் காசைக் கட்டி, துண்டு வாங்கி, திரையில் நம்பர் விழும்வரை பார்த்திருக்க வேண்டுமாம். சாம்பார் கண் மருந்து ஊற்றுகிற கிண்ணத்தில் வரும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். சாப்பிட்டு முடிப்பதற்குள் மேசை துடைக்கிற துணி வந்து நிற்கும்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் அங்கே சுவரில் புதிதாக ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். பேத்தி அதை வாசித்தாள்: "தாத்தா, 'தொடங்கிய நாள் முதல் எல்லோரையும் ஒரே மேசையில் அமர்த்திய கடை'ன்னு போட்டிருக்கு." அதற்குப் பிறகு எனக்குத் தோசை இறங்கவில்லை.

என் அப்பா நகரசபையில் தெருக் கூட்டுகிறவர். மஹய்யாவை லயத்தில், நகரசபையின் வரிசை வீடுகளில், குடியிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கடையில் முன்வாசல் கிடையாது. சந்துப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே நின்று கேட்டால் வாழையிலையில் சுற்றிய பார்சலைக் கை படாமல் பலகையில் வைப்பார்கள். "நீங்கள் தின்ற தட்டில் பிறகு யார் தின்பார்கள்" என்பதுதான் முதலாளி சொல்லும் காரணம். லயத்தில் அதற்குப் பெயரே "சந்துத் தோசை". வீடு வந்து பிரிக்கும்போது ஈரத்துணி மாதிரி ஆறிக் கிடக்கும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த மழைக்காலத்தில் அம்மா நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று, வார்டுக்குக் கொண்டுபோன எனாமல் தட்டையும் கோப்பையையும் பையில் போட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் நடந்து வந்தோம். கடை வாசலில் அம்மா மூச்சு வாங்க நின்றார். உள்ளே கல்லில் தோசை சுடுகிற சத்தம். அம்மா அந்தச் சத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் கையை உதறிக்கொண்டு முன்வாசலால் உள்ளே ஓடி முதல் மேசைக் கதிரையில் ஏறி உட்கார்ந்தேன்.

முதலாளி இறங்கச் சொன்னார். நான் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்த மேசையில் இருந்த ஒருவர், "இனி குப்பை வாளியையும் மேசையில வைப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா உள்ளே வந்தார். என்னைத் தூக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். அம்மா பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்து, பையிலிருந்த தட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"தட்டு என்னோடது மொதலாளி. புள்ள ஒக்காந்துட்டான். தோசைய இதுல போடுங்க."

சிரித்தவர் எழுந்து போனார். முதலாளி கல்லாப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தட்டைப் பற்றிய காரணம் தவிர வேறு காரணத்தை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லையே. பரிமாறுகிறவர் யாழ்ப்பாணத்து ஆள், ஒல்லியான மனிதர். அவர்தான் தோசையைக் கொண்டுவந்து போட்டார். ஒரே தட்டில் நாங்கள் இருவரும் பிய்த்துத் தின்றோம். பாதியில் அவர் குனிந்து, "இன்னும் ஒண்டு போடவோ, அக்கா?" என்று கேட்டார். டவுனில் அம்மாவை அக்கா என்று ஒருவர் கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

முதலாளியின் முறைப்பாடு நகரசபை ஓவசியருக்குப் போனது. அந்த மழைக்காலம் முழுக்க அப்பாவை அந்தக் கடைக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடைக் காணுக்குள் இறக்கி வேலை வாங்கினார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை. ஒருநாள் கால் கழுவிக்கொண்டே, "நீ ஏறுனது கதிரையில. அவனுங்க எறக்குனது என்னைய" என்றார். பிறகு சாகும்வரை அந்தக் கடைப் பலகாரம் எதையும் அவர் வாயில் வைக்கவில்லை.

அம்மா விடவில்லை. கிளினிக்குக்குப் போகிற நாளெல்லாம் தட்டோடு போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து லயத்துப் பெண்களும் தங்கள் தட்டுகளோடு போனார்கள். நாலைந்து வருஷத்தில் அதே நெஞ்சு நோயில் அம்மா போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த பிறகு நான் மட்டும் அந்தத் தட்டோடு போய் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் கடைத் தட்டு ஒன்றை என் முன்னால் வைத்து, இனிமேல் எல்லோருக்கும் இதுதான், முதலாளியே சொல்லிவிட்டார், அக்காவிடமும் சொல்லு தம்பி என்றார். நான் அம்மாவின் தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் போட்ட தோசையைத் தின்ன என்னால் முடியவில்லை.

அந்தக் கட்டடத்தில் இன்று அந்தக் கடை இல்லை, போன் விற்கிறார்கள். சந்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பரிமாறியவர் எந்த ஊரில் மண்ணானாரோ தெரியாது. லயம் உடைத்தபோது அம்மாவின் தட்டும் தொலைந்தது. இன்னும் ஒன்று போடவா என்று கேட்கிற வழக்கமும் போய்விட்டது.

கிளை மனேஜரிடம் இதையெல்லாம் சொன்னேன். நல்ல பிள்ளை, நின்று கேட்டான். "ஐயா, போர்ட் கொழும்பிலருந்து வந்தது, எங்களால ஒண்ணும் மாத்த ஏலாது" என்றான். ஆகவே கொழும்பில் இருப்பவர்கள் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நீங்கள் எங்களை அமர்த்தவில்லை, நாங்களாக உட்கார்ந்தோம். அந்தக் கதிரையில் முதலில் ஏறியவன் மஹய்யாவை ராமையா என்று பலகையில் எழுதுங்கள். அவனை இறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவன் தாய் செல்லாயி என்று அதற்குக் கீழே எழுதுங்கள். எழுதும்வரை ஒவ்வொரு ஞாயிறும் வந்து கேட்பேன்.