மூளைப் படத்தில் ஒன்றுமில்லை

என் மூளையில் ஏதாவது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று மாதாவிடம் நான் வேண்டிக்கொண்டதுண்டு. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

பீன்யாவில் ஃபேக்டரி வேலை, லிங்கராஜபுரத்தில் வீடு. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி எழுந்தால் போதும், யார் மீதோ ஏற்றிவிட்டோம் என்று மனசு அடித்துச் சொல்லும். பெங்களூரில் பள்ளத்தில் இறங்காமல் வண்டி ஓட்ட முடியுமா? திரும்பிப் போய்ப் பார்ப்பேன். யாரும் விழுந்து கிடக்க மாட்டார்கள். கிளம்பிய பிறகு, ஓரமாக உருண்டிருந்தால் என்ன செய்வது என்று தோன்றும். மறுபடி யூ-டர்ன். டாக்டர் இதற்கு ஓசிடி என்று பெயர் சொன்னது பிறகுதான். அதுவரை எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் திமிர்.

மாமனார் இறந்த அன்று, சேலை மாற்ற வீட்டுக்கு வந்த மனைவியை ஏற்றிக்கொண்டு ஜீவனஹள்ளியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். பத்து நிமிட வழி. நான்கு முறை திரும்பினேன். ஒவ்வொரு முறையும் அவள் ஆட்டோ பிடிக்க இறங்கினாள். இதுதான் கடைசி என்று சத்தியம் செய்து திரும்ப ஏற்றிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது, சர்ச்சில் பூசைக்கு நேரமாகிவிட்டதென்று சவப்பெட்டியை மூடி எடுத்துப் போயிருந்தார்கள். தன் அப்பாவுக்குக் கடைசி முத்தம் கொடுக்க அவளால் முடியாமல் போயிற்று. அந்தப் பாவம் என்னுடையது.

அவள் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள். அழைக்கப் போனபோது ஒன்றே ஒன்று சொன்னாள்:

"நோயின்னா சொல்லுங்க, ஆண்டவர் குடுத்ததுன்னு கூட இருந்து பாத்துக்கறேன். திமிருன்னா என்னால ஆவாதுங்க."

டாக்டர் சொன்ன பெயர் மட்டும் போதாது, அவளிடம் காட்ட ஒரு அத்தாட்சி வேண்டும். அதனால்தான், ஓசிடி உள்ளவர்களின் மூளையைப் படமெடுக்கும் ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டதும் முந்திக்கொண்டு சரி என்றேன். கல்யாண மோதிரம், கடிகாரம், பெல்ட் எல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டு, அசையக் கூடாது என்று சொல்லி மெஷினுக்குள் தள்ளினார்கள். தலையைச் சுற்றி இடிக்கிற சத்தம். முகத்துக்கு மேலே கண்ணாடியில் படங்கள் வந்தன: காலி ரோடு, பள்ளம், ரோட்டில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு. எவ்வளவு பயம் என்று பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் வராதே என்று கெஞ்சுகிற பயத்தை அன்று வா வா என்று கூப்பிட்டேன். நன்றாகவே வந்தது.

அடுத்த வாரம் டாக்டரம்மா சிரித்த முகத்தோடு சொன்னார்: "ரிப்போர்ட் நார்மல் சார். டென்ஷன் பேடா, கவலையே வேண்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உள்ள நான் அசைஞ்சிருப்பேன் மேடம். இன்னொரு வாட்டி எடுத்துப் பாருங்களேன்," என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு ஃபைலில் ஏதோ எழுதினார். என் சந்தேகமும் நோயில் சேர்த்திதான் போலிருக்கிறது. பிறகு பொறுமையாக விளக்கினார். ஒருவருடைய படத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் எதுவும் தெரியாதாம். நோய் உள்ள பலருடைய படங்களை ஒன்றாகச் சேர்த்து, இல்லாதவர்களுடைய படங்களோடு ஒப்பிட்டால்தான் சின்ன வித்தியாசம் புலப்படுமாம். அதற்காக எனக்கு நோய் இல்லை என்று அர்த்தமில்லையாம்.

ரிப்போர்ட்டோடு பஸ்ஸில் ஜீவனஹள்ளி போனேன். வண்டியை எடுக்கத் துணிவில்லை. நார்மல் என்று கேட்டதும் மாமியார் மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்லையாம்! நல்ல சேதி குடுத்தியே தாயே!"

மனைவி காகிதத்தை இரண்டு முறை படித்தாள். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல, பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் குரல் மாதிரியே என் குரல் எனக்குக் கேட்டது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நம்பிக்கை மிச்சமிருந்திருக்கும்.

"அத்தன பேரோட சேத்துப் பாத்தாதான் தெரியும்ங்கறீங்க," என்றாள். "நான் உங்க ஒருத்தரோடதானேங்க வாழணும்."

ரிப்போர்ட்டை மடித்து என் கையில் கொடுத்தாள். நான் மட்டும் பஸ் ஏறினேன்.