போர் விமானத்தின் மாமனார்

"கூட்டிட்டுப் போறீங்க, சரி. போன மாதிரியே கொண்டாந்து விடணும். மூக்குல ஒரு கீறல் பாத்தேன்னா பேச்சு வேற மாதிரி இருக்கும் சார்."

ஏணியில் நின்று விமானியின் தோள் வாரை இறுக்கிக்கொண்டே சொன்னார் மெக்கானிக். இருக்கையோடு வாரால் பூட்டப்பட்டுக் கிடந்த புது விமானி, மாப்பிள்ளை மிடுக்கு முழுவதையும் விழுங்கித் தலையாட்டினார்.

இந்தப் போர் விமானப் பிரிவில் அவர் மூத்த மெக்கானிக். அவர் சரி என்றால்தான் அந்த விமானம் கிளம்பும். விமானம் அரசாங்கத்துடையது; ஆனால் அது தன் வீட்டுப் பெண் என்று அவர் முடிவுகட்டி வெகுகாலம் ஆகிறது. நேரில் எல்லோருக்கும் அவர் 'சீஃப்'; முதுகுக்குப் பின்னால் 'மாமனார்'. முழங்கால் தேய்ந்துவிட்டதால் ஏணியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார். எஞ்சின் இரைச்சலில் ஒரு காது போனதால் ரகசியத்தையும் கத்தித்தான் சொல்வார்.

மனைவிக்குப் பொறாமை ஏதுமில்லை. "அந்தப் பொண்ணுக்கு எப்ப எண்ணெய் மாத்தணும்னு தெரியும். வீட்டுல இருக்கற பொண்ணு எத்தனாவது படிக்குதுன்னு கேளுங்க" என்பதோடு சரி.

நுழைவாயில் பலகையில் பிரிவின் வரலாறு பொன்னெழுத்தில் இருக்கிறது. புதிதாக வருபவர்களை அதன் முன் நிறுத்தி மாமனார் தன் வரலாற்றைச் சொல்வார்.

"இந்தச் சண்டையில ஜெயிச்சோம்னு போட்டிருக்கு. ஜெயிச்சவரு இறங்கறப்ப ரெண்டு டயரையும் வெடிக்க வச்சாரே, அதக் காணோம். கடைசி வரியில 'இரவும் பகலும் வானைக் காப்போம்'. வானத்த யாரு தூக்கிட்டுப் போகப் போறா? எடுத்துட்டுப் போனது திரும்பி வரணும். அதான் சார் நம்ம லட்சியம்."

அன்று திரும்பும் வேளையில் விமானத்தின் ஒரு சக்கரம் இறங்கவில்லை. புது விமானி தலைக்கு மேல் வட்டமடித்துக்கொண்டிருந்தார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. பிரிவுத் தலைவர் மாமனாரைக் கூப்பிட்டு ஒலிவாங்கியைக் கையில் திணித்தார்.

"விமானத்த விட்டுட்டுக் குதின்னு உத்தரவு போட்டாச்சு. கேக்க மாட்டேங்கறான். 'சீஃப் என்ன சொல்வாரு'ங்கறான். நீங்களே சொல்லித் தொலைங்க."

மாமனார் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனார்.

"சார், நான்தான். அது வெறும் தகரம் சார். போனாப் போகுது. குதிச்சிடுங்க."

இரைச்சலுக்கு நடுவே விமானியின் குரல்: "கடைசியா ஒரு தடவ குலுக்கிப் பாக்கறேன் சீஃப்."

"குலுக்க அது என்ன உண்டியலா? குதிய்யா."

அதிகாரியை 'யா' போட்டதைத் தலைவர் கேட்காதது மாதிரி ஜன்னலைப் பார்த்தார். மேலே ஒரே உதறல். சக்கரம் கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டது.

விமானம் வந்து நின்றதும் மாமனார் ஏணியில் ஏறினார். முதல் வேலை, ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கை தவறி வெடிக்காதபடி பூட்டு ஊசியைச் செருகுவது. ஊசி துளையைச் சுற்றிச் சுற்றி இரும்பில் தட்டியது. விமானி கையுறையைக் கழற்றி, மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்து ஊசியை உள்ளே நுழைத்தார்.

ஊசி போன பிறகு மாமனார் விமானியின் கையைப் பிடித்துக்கொண்டார்; விடவில்லை.