ஐந்தாம் திருவிழாக் கடன்

கோசலாக்காவின் கடை வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை கிடந்தது. ஆள் வராத மத்தியான நேரத்தில் இருந்து பேப்பர் பார்ப்பதற்கென்று அவரே வாங்கிப் போட்டது. கடைசி இரண்டு வருசமும் அந்தக் கதிரையில் அவர் இருந்து நான் காணவில்லை. இருந்ததெல்லாம் கடன் கம்பனிப் பொடியன்கள். மோட்டார் சைக்கிளைக் கடை வாசலுக்குக் குறுக்கே விட்டுவிட்டு, காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, அவர் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக் குடித்து அவரையே திட்டுவார்கள். ஒருநாள் என் காதுபட ஒருவன் சொன்னான். "காசில்லை காசில்லை எண்டு சொல்லாதையுங்கோ. பொம்பிளை நினைச்சா உழைக்கிறதுக்கு வழியில்லையோ?" சொல்லிவிட்டுப் பல்லைக் காட்டினான். நான் ஆட்டோவை நிறுத்தி இறங்கிப் போக, வேண்டாம் என்று கோசலாக்கா கண்ணாலேயே மறித்துவிட்டார். 

நான் றஜீபன். புங்குடுதீவு மடத்துவெளியில் ஆட்டோ ஓடுகிறேன். கோசலாக்கா எனக்குச் சொந்தமில்லை, பக்கத்து வளவு. அவர் பெரிய தியாகியும் இல்லை, கெட்டிக்காரியும் இல்லை. பாணும் சீனியும் சவர்க்காரமும் விற்ற ஒரு மனிசி. ஆனால் அந்த மனிசியை வைத்து இந்த ஊர் ஆடிய கூத்து இருக்கிறதே, அது இன்றைக்கும் வாய்க்குள் கசந்துகொண்டு நிற்கிறது. துப்பிவிட்டுப் போகலாம் என்றால் துப்பியும் போகமாட்டேன் என்கிறது.

அவருடைய புருசன் இராசநாயகம், தெற்கிலங்கையில் தமையன் சிவபாதத்தின் கடையில் சம்பளமில்லாத தம்பியாக நின்றவர். மூட்டை இறக்கியதும் கணக்குப் பார்த்ததும் தம்பி, முதலாளி தமையன். பிறகு தமையன் கடையை விற்று, அந்தக் காசோடு கனடா போய்ச் சேர்ந்தார். தம்பி ஒரு பெட்டி உடுப்போடு ஊருக்கு வந்தார். பங்கு கேட்கவில்லை. கேட்டால் குடும்பத்துக்குள் மனக்கசப்பு வந்துவிடுமாம். அந்த நல்ல மனிசனைத்தான் கோசலாக்கா கட்டினார். பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து வீட்டோடு ஒரு சின்னக் கடை போட்டார்கள். அவர் கடை பார்க்க, கோசலாக்கா பின் அறையில் தையல் மெசினில் பள்ளிக்கூட உடுப்புத் தைத்துக் கொடுத்தார். சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல் போனது.

இராசநாயகத்தாருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. அவருடைய வைத்தியத்துக்கு எடுத்ததுதான் முதல் கடன். அடுத்து நாட்டில் சாமான் விலை ஏறியபோது கடைக்குச் சரக்குப் போட எடுத்தது இரண்டாவது. மனிசனும் தப்பவில்லை, சரக்கும் விற்கவில்லை. முதல் கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுத்தார், அதைக் கட்ட வேறொன்றில். கிணற்றைத் தூர்க்கக் கிணறு வெட்டுகிற மாதிரி. இதெல்லாம் எங்கேயும் நடக்கிறதுதான். எங்கள் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

எங்கள் வட்டாரப் பிள்ளையார் கோயிலில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்துக்கு. மேளம், பூ, லைற், அன்னதானம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் செலவு, அதைத்தான் உபயம் என்கிறோம். முடிவில் குருக்கள் தட்டத்தில் தேங்காய், பழம், வெற்றிலையோடு உபயகாரருக்குக் காளாஞ்சி கொடுப்பார். அதை வாங்கும்போது ஊரே பார்க்கும். ஐந்தாம் திருவிழா சிவபாதம் குடும்பத்துடையது. குடும்பம் கனடாவில். ஊரில் மிஞ்சியது தம்பியும் தம்பி பெண்சாதியும். தம்பி செத்த வருசம் சிவபாதம் ரெலிபோனில் சொன்னாராம். "கோசலா, எங்கட நாளை விடக்கூடாது. நீர் செய்யும். காசு நான் போட்டுவிடுறன்." முதல் வருசம் பாதி போட்டார். அடுத்த வருசம், பேரப்பிள்ளையின் பிறந்தநாள் வந்துவிட்டது, கை இறுக்கம் என்றார். அதற்கடுத்த வருசம் போனே எடுக்கவில்லை. கோசலாக்கா கடன்பட்டுச் செய்தார். சீ, என்ன சாதி மனிசர்! ஊரில் புருசனைப் பறிகொடுத்து நிற்கிறவளிடம் மேளக்காரனுக்குக் கடன் வாங்கிக் கொடு என்று சொல்ல ஒரு நாக்கு வேணுமே.

கடை வாசலில் அந்தப் பொடியன் பல்லைக் காட்டிய கிழமைதான் நான் கோசலாக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனேன். அங்கே ஜெனீற்றா என்று ஒரு சட்டத்தரணி. என் மச்சானின் காணிப் பிரச்சினையைப் பார்த்தவ. கோசலாக்கா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவ கேட்டா, "உங்களால இந்தக் கடன் எப்பவாவது கட்டி முடிக்க ஏலுமா?"

"ஏலாது."

"அதைக் கோட்டில சொல்லுவம். கடன் இறுக்க வகையில்லை எண்டு நீங்களே விண்ணப்பிக்கிறது. வங்குரோத்து எண்டு சனம் சொல்லுறது அதைத்தான்."

கோசலாக்காவின் முகம் செத்துப் போனது. "ஐயோ, அது களவெடுத்த ஆக்களுக்கெல்லோ?"

"இல்லையக்கா. களவெடுத்தவைக்கு வேற சட்டம். நேர்மையா முடியாமப் போனவைக்குத்தான் இது. பழைய சட்டம், ஒருத்தரும் பாவிக்கிறேல்லை, வெக்கம். நாடே வங்குரோத்து எண்டு உலகத்துக்குச் சொல்லிச்சுது. சொன்னவை ஒருத்தரும் வெக்கப்பட்டுப் படுத்த மாதிரித் தெரியேல்லை. நீங்கள் ஏன் படுக்கிறியள்?"

பிறகு பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினா. உள்ளதையெல்லாம் கோட்டுக்குச் சொல்ல வேண்டும், பட்டதையெல்லாம் சொல்ல வேண்டும். கோட்டு ஒரு ஆளைப் போடும். விற்கக்கூடியதை விற்று அவர் எல்லாக் கடன்காரருக்கும் விகிதப்படி பிரிப்பார். உடுக்கிற உடுப்பு, சமைக்கிற சட்டி பானை, பிழைக்கிற தையல் மெசின் மாதிரியானதை விடச்சொல்லிக் கேட்கலாம். ஒழுங்காக நடந்தால் கடைசியில் மிச்சக் கடனில் இருந்து கோட்டு விடுதலை தரும். அதற்குக் காலம் எடுக்கும், ஆனால் ஒரு முடிவு இருக்கும்.

"ரண்டே ரண்டு விசயம் மறக்காதையுங்கோ," என்றா. "ஒண்டையும் ஒளிக்கக்கூடாது. ஒருத்தருக்கு மட்டும் தனியக் குடுக்கக்கூடாது. அப்பிடிச் செய்தா, கம்பனிக்காரர் அதையே பிடிச்சுக்கொண்டு உங்களைக் கள்ளி எண்டு நிறுவிப்போடுவினம். விண்ணப்பம் கவிண்டுபோம்."

வீடும் வளவும் சிவபாதத்தின் பேரில். விற்கக்கூடியது என்று கோசலாக்காவிடம் இருந்தது கடைச் சாமானும் ஒரு தாலிக்கொடியும்தான். புருசன் போனபிறகும் அடைவு வைக்காமல் அரிசி வாளிக்குள் வைத்திருந்த கொடி. அதையும் சொன்னார். ஜெனீற்றா எழுதிக்கொண்டா. திரும்பி வரும்போது கடல்பாதையில் காற்று அடித்தது. "தம்பி, இந்தப் பொடியள் இனி வராயினமோ?" என்று பின்னால் இருந்து கேட்டார். வரமாட்டார்கள் என்றேன். அவர் சிரித்ததை அன்றுதான் கனநாளைக்குப் பிறகு கண்ணாடியில் கண்டேன்.

ஊருக்குள் கதை எப்படிப் பரவியதோ தெரியாது. கடன் எடுக்கும்போது ஒரு நாயும் கேட்கவில்லை. கோட்டுக்குப் போகிறார் என்றதும் எல்லாருக்கும் மானம் பொங்கி எழுந்துவிட்டது. அடுத்த வீதியில் இருந்து ஆள் வந்து "வங்குரோத்துக்காரி" என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. கோயில் சபைத் தலைவர் விநாயகமூர்த்தி வேட்டி மடிப்புக் குலையாமல் வந்து அந்தக் கதிரையிலேயே இருந்தார்.

"கோட்டுக்குப் போறது உம்மட விருப்பம் பிள்ளை. ஆனா ஐஞ்சாம் திருவிழா வருது. போன வருச அன்னதானத்துக்கும் சபைக்குத் தரவேண்டிக் கிடக்கு. ஜேர்மனியில ஒராள் நாள் கேட்டுக்கொண்டு நிக்கிறார். நீர் ஏலாதெண்டா அவருக்குக் குடுத்துவிடுறன். பிறகு உங்கட குடும்பத்துக்கு இந்தக் கோயில்ல நாளில்லை."

எனக்கு இது பிறகுதான் தெரியவந்தது. கோசலாக்கா அடுத்தநாளே தாலிக்கொடியை யாழ்ப்பாணத்தில் விற்று, வந்த காசு முழுவதையும் கொண்டுபோய் விநாயகமூர்த்தியின் கையில் கொடுத்துவிட்டு வந்தார். போன வருசப் பாக்கியும் தீர்ந்தது, இந்த வருச உபயமும் கட்டியாகிவிட்டது. என்னிடம் சொன்னபோது நான் தலையில் கைவைத்துவிட்டேன்.

"அக்கா, சட்டத்தரணி என்ன சொன்னவ? தனிய ஒருத்தருக்கும் குடுக்காதையுங்கோ எண்டெல்லோ?"

"அது கடன்காரருக்கு. பிள்ளையாரை எப்பிடித் தம்பி கடன் கம்பனியோட ஒண்டாச் சேர்த்து எழுதுறது?"

எங்கள் தீவாரைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை விடமாட்டார்கள். வயிற்றுக்கு இல்லாமல் கிடந்தாலும் சாமிக்குப் பாக்கி வைத்துச் சாகக்கூடாது என்று வளர்த்துவிட்ட சனம். கோபம் வந்தது எனக்கு, அவரில் இல்லை, வளர்த்தவர்களில்.

ஜெனீற்றாவுக்குத் தெரிந்ததும் பேனையை மேசையில் எறிந்தா. விண்ணப்பத்தில் தாலிக்கொடி இருக்கிறது, கையில் இல்லை. ஒளித்ததும் ஆயிற்று, ஒருவருக்கு மட்டும் கொடுத்ததும் ஆயிற்று. "காசைத் திருப்பி வாங்குங்கோ. இல்லையெண்டா இவ்வளவும் வீண்." போனோம். விநாயகமூர்த்தி கோயில் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். "சாமிக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேட்ட முதல் ஆள் இந்த ஊரில நீர்தான் பிள்ளை. தெய்வக் குற்றம்." கனடாவுக்குப் போன் எடுத்தோம். இந்தமுறை சிவபாதம் உடனே எடுத்தார். "கோயில்ல காசைத் திருப்பிக் கேட்டு என்ர மானத்தை வாங்கப் போறீரோ?" என்று கத்தினார். அவருடைய மானம் எங்கே கிடந்தது என்று கேட்க வாய் உன்னியது. கோசலாக்கா போனை என் கையில் இருந்து பறித்து நிறுத்திவிட்டார்.  விண்ணப்பத்தை விட்டுவிடலாம் என்று இரண்டு மூன்று தரம் என்னிடம் சொன்னார்.

ஐந்தாம் திருவிழா வந்தது. கோசலாக்கா வெள்ளைச் சேலையில் தூணுக்குப் பின்னால் நின்றார். புருசனில்லாதவர் முன்னுக்கு வரக்கூடாதாம், ஆனால் அவருடைய கொடிக் காசு முன்னுக்கு வரலாமாம். மேளம் நல்ல மேளம். அன்னதானத்தில் மூன்று கறி, பாயாசம். சாமி உள்வீதி சுற்றி வந்து இருந்ததும் ஒலிபெருக்கி கத்தியது. "இன்றைய ஐந்தாம் திருவிழா உபயகாரர், கனடா வாழ் சிவபாதம் குடும்பத்தினர்!" காளாஞ்சியை வாங்க முன்னுக்குப் போனது, சிவபாதத்தின் பெண்சாதியின் தம்பி. ஒரு சதம் கொடுக்காதவன். தலைப்பாகை கட்டி, சால்வை போர்த்தி, படமும் எடுத்தார்கள், கனடாவுக்கு அனுப்ப.

நான் திரும்பிப் பார்த்தேன். கோசலாக்கா அழவில்லை. ஒருவருக்கும் சொல்லாமல் வெளிவீதியால் இறங்கி நடந்துபோனார். பாயாசம் வைத்த வாழையிலையைத் தூக்கி எறிந்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

"நாளைக்கு ஊர்காவற்றுறைக்குப் போவம் தம்பி," என்றார். "கோயில் காசையும் எழுதச் சொல்லவேணும்."

ஜெனீற்றா எல்லாவற்றையும் உள்ளபடி எழுதி, விநாயகமூர்த்தியையும் கோட்டுக்கு அழைப்பித்தா. கோட்டில் வழக்கு விளக்கம் நடந்த அன்று கம்பனிச் சட்டத்தரணி எழும்பி, தாலிக்கொடியை ஒளித்த கடனாளி, மோசடிக்காரி என்று நெடுகப் பேசினார். விநாயகமூர்த்தி பின்வரிசை வாங்கில் இருந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நீதிபதி கோசலாக்காவை நேராகக் கேட்டார். "தனியா ஒருத்தருக்குக் குடுக்கக்கூடாது எண்டு உமக்குச் சொல்லித்தானே இருந்தது? ஏன் குடுத்தனீர்?"

கோசலாக்கா நீதிபதியைப் பார்த்தே சொன்னார். "சாமிக்குப் பட்ட கடன் எண்டு நினைச்சுக் குடுத்தனான் ஐயா. பிறகு ஒலிபெருக்கியில கேட்டனான். அது எங்கட சிவபாதம் அத்தான்ர கடன். அவற்ற கடனைக் கட்டிறதுக்குத்தான் நான் இவ்வளவு காலமும் கடன்பட்டிருக்கிறன்."

 பிறகு நீதிபதி எழுதினார். அவர் வாசித்த கட்டளையை ஜெனீற்றா வெளியே வந்து எங்களுக்கு விளக்கினா. கொடிக் காசு முழுவதையும் கோயில் சபை கோட்டு நியமித்த ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். அது எல்லாக் கடன்காரருக்கும் பிரியும். ஒளித்தார் என்ற பேச்சு எடுபடவில்லை. விண்ணப்பம் நடக்கும், தையல் மெசின் அவரிடமே இருக்கும். இனிக் கடன்காரர் ஆரும் வீட்டு வாசலுக்கு வரக்கூடாது, கோட்டுக்குத்தான் வரவேண்டும்.

கோட்டு வாசலில் விநாயகமூர்த்தி எங்களை மறித்தார். முகம் கறுத்திருந்தது. "தரச் சொன்னதைத் தாறன். ஆனா அண்டைக்குக் காளாஞ்சிக்குப் பட்டுச் சால்வை, மாலை எல்லாம் சபை வாங்கினது. அந்தச் செலவை ஆர் தாறது?"

நான் வாயைத் திறக்க முந்தி கோசலாக்கா திரும்பினார்.

"காளாஞ்சி வாங்கினவரிட்டைக் கேளுங்கோ," என்றார்.

பிறகு ஆட்டோவில் ஏறி இருந்துகொண்டு, வழியில் ஒரு கடையில் நிப்பாட்டும், வெள்ளை நூல் வாங்கவேணும், தையல் மெசினுக்கு, என்றார்.